விறகுக்குத் தீட்டில்லை

போன வருசம் சேலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கிராமத்துப் பெண்களையும் அடுப்புப் புகையையும் பற்றிய கூட்டம். மேடையில் ஒரு சின்ன விறகடுப்பை வைத்திருந்தார்கள். வாளி உயரம்தான் இருக்கும். வெளியே தகடு, உள்ளே சுட்ட மண், விறகு வைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய். அதைத் தூக்கிக் காட்டிய ஐயா, பாதி விறகு போதும், பாதிப் புகைதான் வரும், விலையில் தள்ளுபடி உண்டு, இது உங்கள் விடுதலை என்றார். கைதட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் அம்மா எழுந்தாள்.

"களி கிண்டுனா ஆடாதுங்களா சாமி?"

கூட்டம் சிரித்தது. அந்த ஐயா கெட்டவர் அல்ல. "நல்ல கேள்வி பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் பார்த்தார். கடைசிவரை பதில் வரவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் கேட்கப்பட்டவற்றிலேயே அறிவியல்பூர்வமான கேள்வி அதுதான் என்று நான் சொல்வேன். சேலம், நாமக்கல் சீமையில் கூலிக்காரர் வீட்டு ராச்சாப்பாடு நெடுங்காலம் களிதான். ராகியோ கம்போ சோளமோ, உலை கொதிக்கும்போது மாவைக் கொட்டி வேகவிட்டு, அப்புறம் துடுப்பைப் போட்டு உடம்பு பாரத்தையெல்லாம் இறக்கிக் கிண்ட வேண்டும். அஞ்சு பேர் சாப்பிடும் களி என்றால் தோள்பட்டை கழன்றுவிடும். அடுப்பு ஒரு விரற்கடை ஆடினாலும் பானை சாயும். கொதிக்கிற களி தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு தோலோடுதான் வரும். எங்கள் வளவில் அப்படி வெந்த தொடையோடு நடமாடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அடுப்பைச் சோதிக்கிற ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் சோதிக்கிறார்கள். தண்ணீரை யாரும் கிண்டுவதில்லை.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அருந்ததியர் வீடு. அடுப்புக்கு எங்கள் சொல் 'பொய்யி'. தமிழ் எம்.ஏ. படிக்கப் போனபோது அந்தச் சொல்லை வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. எழுபத்தைந்து வருசமாக எங்களுக்கு என்று கொண்டுவந்து தந்த அடுப்புகள் தமிழ்ப் பொருளிலும் பொய்யாகத்தானே போயிருக்கின்றன!

நிலமும் இடஒதுக்கீடும் வன்கொடுமைச் சட்டமும் பேச வேண்டிய பக்கங்களில் அடுப்பைப் பற்றி என்ன எழுத்து என்று நம் தோழர்களில் சிலர் நினைக்கக்கூடும். எந்த அடுப்பு என்கிற கேள்விக்குள் நிலமும் சாதியும் உட்கார்ந்திருப்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

எந்த விறகடுப்பு வாங்கலாம் என்று இன்னொரு கூட்டமும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது. சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் போகிற நெடுஞ்சாலையில் பாருங்கள். 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை வைத்தால் கார்கள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பிரியாணி செய்ய எவர்சில்வரில் பளபளக்கும் கையடக்க விறகடுப்பு விற்கிறார்கள். "எங்க பாட்டி வெறகடுப்புல வெச்ச கொழம்பு மாதிரி வருமா" என்று உருகுகிறார்கள்.

அந்தப் பாட்டிக்கு விறகு பிளந்து போட்டது யார்? தலையில் சுமந்து வந்து புறக்கடையில் இறக்கிவிட்டு, வாசலுக்கு வராமல் சுற்றிப் போனது யார்? ஊர்க்காரர்களின் ருசி நினைவில் அந்த ஆள் வருவதே இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஆசைக்குப் புகை குடிப்பவர்களுக்கு விறகடுப்பு பண்பாடு. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் குடிப்பவர்களுக்கு அது இருமல். உலகம் முழுக்க வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதென்று மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "பீடி குடிப்பீங்களா?" அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஒரு பீடிகூட இழுத்ததில்லை. ஒன்பது வயதில் தம்பி தங்கைகளுக்குச் சோறாக்க உட்கார்ந்தவள். ஐம்பது வருசம் குனிந்து ஊதியிருக்கிறாள். ஊதும்போது நெருப்பு அந்தப் பக்கம் போகும். அடுத்த மூச்சு இழுக்கும்போது புகை இந்தப் பக்கம் வரும். சீட்டில் ஏதோ எழுதினார்கள். என்ன அடுப்பு, எங்கே வைத்திருக்கிறீர்கள், புகை எப்படி வெளியேறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. 1980களின் தொடக்கத்திலேயே கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்களின் உடம்பிலேயே கருவி மாட்டி அவர்கள் மூச்சோடு இழுக்கும் புகையை அளந்து காட்டிவிட்டார். நாற்பது வருசம் போன பிறகும் எங்களிடம் கேட்பது பீடிக் கணக்கு.

3

நமக்கு வந்துசேர்ந்த அடுப்புகளின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

காந்தியர்கள் முதலில் வந்தார்கள். வார்தாவில் குமரப்பாவின் கிராமக் கைத்தொழில் சங்கம் இருந்த மகன்வாடியின் பெயரால் 'மகன் அடுப்பு' என்று புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு ஒன்று உண்டு. நல்ல மனசோடு செய்த வேலை. ஆனால் அவர்களுக்குப் புகை என்பது சுத்தம் சம்பந்தப்பட்ட விசயம். விறகு எங்கிருந்து வருகிறது, சுவர் யாருடையது என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் இல்லை.

பிறகு அரசாங்கம் வந்தது. 1983 டிசம்பரில் தொடங்கி 2002இல் மத்திய அரசு கைகழுவும்வரை தேசிய அளவில் புகையில்லா அடுப்புத் திட்டம் நடந்தது. மூன்று கோடிக்கு மேல் அடுப்பு வைத்ததாகக் கணக்கு. எத்தனை அடுப்பு வைத்தோம் என்பதற்குத்தான் இலக்கு. ஆறு மாசம் கழித்து அதில் எத்தனை எரிகிறது என்பதற்கு இலக்கு இல்லை.

அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. 1985-86இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் என்றுதான் இருந்தது. வீட்டோடு புகையில்லா அடுப்பும் கட்டித்தர வேண்டும் என்பது விதி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிய தொகுப்பு வீடு எங்களுடையது. ஒரே அறை. மூலையில் ரெண்டு வாய் வைத்த அடுப்பு, பின்னால் சிமெண்டுக் குழாய். அந்தக் குழாய் கூரையைத் தாண்டவில்லை. கூரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. காண்டிராக்டருக்கு ஒரு முழக் குழாய் மிச்சம். புகையெல்லாம் குழாய் வழியாக ஏறி மறுபடியும் எங்கள் தலைமேலேயே இறங்கும். முதல் மழைக்கு அம்மா அதை இடித்துவிட்டு மூன்று கல்லைக் கூட்டினாள். பார்வையிட வந்த அதிகாரி, "இவங்களுக்கு எதக் குடுத்தாலும் வெச்சுக்கத் தெரியாது" என்று சொன்னாராம். அம்மா இன்றும் அந்த வரியைச் சொல்லிக்காட்டுவாள்.

இதிலே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னால் நாங்கள் இருந்தது கரும்புச் சோகை வேய்ந்த குடிசை. புகை கூரைக்குள் கசிந்து மேலே போய்விடும். போகிற போக்கில் சோகையைப் பூச்சி அரிக்காமல் காக்கும். கான்கிரீட் கூரை அந்த வழியை அடைத்துவிட்டது. மழைக்கு ஒழுகாத வீடு வந்தது. புகை ஒழுகாத வீடாகவும் ஆனது. குடிசையை மாற்றியவர்கள் அடுப்படியை யோசிக்கவில்லை. யோசித்து ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்திருந்தால் அம்மாவின் நெஞ்சில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்து கம்பெனிகள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தை வைத்து பிபி என்ற எண்ணெய்க் கம்பெனி 2006வாக்கில் 'ஊர்ஜா' என்று ஓர் அடுப்பைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் விற்றார்கள். மின்விசிறி வைத்தது, புகை குறைவு, சுயஉதவிக்குழுப் பெண்களைக் கொண்டே விற்பனை. ஆனால் அதில் நம் சுள்ளியைப் போட முடியாது. விவசாயக் கழிவைப் பிழிந்து செய்த வில்லைகளைக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். நாலு லட்சம் அடுப்புபோல் விற்றார்கள். 2009இல் பிபி அதை விற்றுவிட்டுப் போனது. வில்லை விலை ஏறியது. வீடுகளில் அடுப்பு அணைந்தது. அடுப்பு வாங்குகிறோம் என்று நினைத்த பெண்கள் உண்மையில் வாங்கியது ஒரு கடைக்குப் போகும் வழியை. கடை மூடியதும் வழியும் மூடியது.

ஒடிசாவில் 44 கிராமங்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களைப் பல வருசம் தொடர்ந்து பார்த்து ஹானா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். புகைபோக்கி வைத்த அடுப்பால் முதல் வருசம் சமைக்கிறவர்கள் இழுக்கும் புகை குறைந்தது. போகப்போக அந்தப் பலன் மறைந்துவிட்டது. பழுது பார்க்கவும் சுத்தம் செய்யவும் ஆளில்லை, ஜனங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது முடிவு. இந்த முடிவைப் படிக்கிற பொதுப்புத்தி உடனே என்ன சொல்லும்? "ஜனங்களுக்குத் தெரியவில்லை." நான் அதைத் திருப்பிப் படிக்கிறேன். விடிகாலை முதல் பொழுது சாயும்வரை கூலிக்குப் போகிற பெண்ணின் தலையில் புகைபோக்கி துடைக்கும் வேலையையும் சேர்த்துவைத்த ஓர் அடுப்பை, அவள் தன் நேரக் கணக்குப்படி தள்ளிவைத்திருக்கிறாள்.

கடைசியாக கேஸ். 2007இல் தமிழ்நாட்டு அரசு இலவச அடுப்போடு இணைப்புக் கொடுத்தது. 2016 மே 1ஆம் தேதி உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா தொடங்கியது. நான் கேஸுக்கு எதிரி அல்ல. விறகோடு கிடப்பதுதான் எங்கள் பண்பாடு என்று சொல்ல வருகிறவர்களை முதலில் அவர்கள் வீட்டு கேஸ் அடுப்பை எடுத்துத் தெருவில் வைக்கச் சொல்வேன். ஆனால் இணைப்பு வேறு, எரிவது வேறு. உஜ்வலா பெண்கள் வருசத்துக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கினார்கள் என்று 2019இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையே சொன்னது. 2023 மார்ச்சில் 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசு. நூறு நாள் வேலைக்கு அப்போது இங்கே அறிவித்திருந்த கூலி 281 ரூபாய். நாலு நாள் கூலி ஒரு சிலிண்டர். அந்த வருசம் அக்டோபரில் உஜ்வலாக்காரர்களுக்கு மானியத்தை 300 ரூபாயாக உயர்த்தினார்கள். அதுவும் முழுப் பணத்தைக் கட்டிய பிறகுதான் வங்கிக்கு வரும். எங்கள் வளவில் கேஸ் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அவசரத்துக்கு டீ வைக்க, விருந்தாளி வந்தால் மானத்தைக் காப்பாற்ற. களிக்கும் சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகுதான்.

4

இனி விறகுக்கு வருவோம். அடுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எந்தக் காகிதத்திலும் 'விறகு கிடைக்கும் இடம்' என்று ஒரு கட்டம் இல்லை.

எங்கள் பக்கம் விறகு என்றால் பெரும்பாலும் மரம் அல்ல. குச்சிக்கிழங்கு பிடுங்கியபின் விதைக்கரணை போக மிஞ்சும் மார், பருத்தி மார், தென்னை மட்டை, பாளை, சீமைக்கருவேல் முள். எல்லாமே யாரோ ஒருவருடைய காட்டில் கிடப்பவை. அதை எடுக்கக் காசு கொடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக அம்மா கவுண்டர் வீட்டுக் கட்டுத்தரையைக் கூட்டிச் சாணி அள்ளிப் போட்டுவிட்டு வருவாள். ஒரு கட்டு மாருக்கு ஒரு காலை வேலை. கூலி என்று பேச்சே வராது. 'சும்மாதானே எடுத்துட்டுப் போற' என்று பேர். ஊருக்கும் வளவுக்கும் தகராறு வந்தால் முதலில் நிறுத்துவதும் இதைத்தான். "எவளும் எங் காட்டுல கால வெக்கக் கூடாது" என்று ஒரு சொல் போதும். அன்று சாயங்காலமே முப்பது அடுப்பு அணையும். காவல் நிலையத்துக்குப் புகாராகப் போய்ச் சேராத வன்கொடுமை இது.

மலைக்குப் போகலாம் என்றால் சேர்வராயனும் போதமலையும் கண்ணுக்கு எதிரே நிற்கின்றன. 1882ஆம் வருசத்து மெட்ராஸ் வனச் சட்டம் வெள்ளைக்காரன் போனபிறகும் அங்கே காவல் நிற்கிறது. தலைச்சுமை விறகோடு பிடிபட்ட பெண் காட்டை அழிக்கிறவள். சேகோ ஆலைக்கும் சாயப்பட்டறைக் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் லாரி லாரியாகப் போகிற விறகு தொழில் வளர்ச்சி. எங்கள் பெண்கள் பொறுக்குவது காய்ந்த சுள்ளி. சுள்ளி பொறுக்கி எந்தக் காடும் அழிந்ததில்லை.

நமக்கென்று நிலம் இருந்திருந்தால்? 1892இல் நம் மக்களுக்கென்று ஒதுக்க அரசாணை வந்த பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்கிறோம். அது யார் யார் கையில் இருக்கிறது என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் காரணை நிலத்துக்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தை நாம் நெல்லுக்கான போராட்டமாக, மானத்துக்கான போராட்டமாகப் பேசியிருக்கிறோம். அது விறகுக்கான போராட்டமும்தான். தன் வரப்பில் நாலு வேம்பு உள்ள பெண், கட்டுத்தரை கூட்டாமல் உலை வைப்பாள்.

5

விறகுக்குத் தீட்டில்லை. இதை யோசித்துப் பாருங்கள். நாங்கள் தொட்டு, முறித்து, கட்டி, எங்கள் தலைவியர்வை ஊறிய விறகு ஊர் அடுப்புக்குள் போகும். கோயில் மடப்பள்ளிக்குள்ளும் போகும். அவர்கள் செத்தால் பிணத்துக்கு அடுக்குவதும் நம் ஆள் கைதான். ஆனால் விறகைக் கொண்டுவந்த கை, அடுப்பைத் தொட்டால் மட்டும் தீட்டு வந்துவிடும்.

பழங்கதை பேசுவதாக நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க ஓர் அருந்ததியப் பெண் வந்தார். அவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். முதலில் அதிகாரிகளும் அதற்கு இசைந்து அவரை மாற்றினார்கள். போராட்டம் வந்தபிறகுதான் மாறுதலை ரத்து செய்தார்கள், வழக்கு பதிந்தார்கள். அங்கே தகராறு எதைப் பற்றி? அரிசி அரசாங்கத்துடையது. பருப்பு அரசாங்கத்துடையது. அடுப்பும் அரசாங்கத்துடையது. கை மட்டும்தான் நம்முடையது.

அதனால்தான் சொல்கிறேன். வளவுக்குள் எந்த அடுப்பு நல்லது என்று ஆராய்ச்சி செய்து தருகிற நாடு, ஊர் அடுப்பில் யார் கை படலாம் என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை. இரண்டையும் பிரித்துப் பேசுவது மோசடி.

6

ஊரைக் குறை சொல்லி முடித்துவிட்டால் எனக்கு வசதி. என் கணக்கையும் வைக்கிறேன்.

அம்மாவை டாக்டரிடம் காட்டிவந்த மாசமே நானும் ஓர் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். நாலு புத்தகம் படித்து, எது புகை குறைவு என்று தேடி, நானே முடிவுசெய்தேன். 2013இல் திருத்திய இந்தியத் தர நிர்ணயத்தின்படி, விசிறி இல்லாத கையடக்க அடுப்பு விறகுச் சூட்டில் குறைந்தது 25 சதவீதத்தையும், விசிறி உள்ளது 35 சதவீதத்தையும் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். மூன்று கல் அடுப்பில் 10 முதல் 15 சதவீதம்தான் சேரும். இதையெல்லாம் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்த அடுப்புக்குள் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

கோபம் வந்தது. "எதக் குடுத்தாலும் வெச்சுக்கத் தெரியாதா?" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த அதிகாரியின் வரி. எம்.ஏ. படித்த என் வாய்க்குள் அது எப்படி வந்து உட்கார்ந்தது?

அம்மா பொறுமையாகச் சொன்னாள். தெலுங்கில் சொன்னதை நம் பக்கத்துத் தமிழில் எழுதுகிறேன். "இதோட வாயி சின்னது கண்ணு. கெழங்கு மார ஒரு சாண் ஒரு சாணா நறுக்கோணும். வேலைக்குப் போயிட்டு இருட்டுல வந்து அருவா எடுத்து நறுக்கிட்டு உக்காந்தா எந்நேரம் ஒல வெக்கறது? கொஞ்சமாப் போட்டா அணையுது. எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியல. களிக்கு ஆடுது. நீ என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. அரசாங்கம் கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை, மேடைக்காரர் கேட்கவில்லை என்று எழுதுகிற நானும் கேட்கவில்லை.

பிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். சின்ன விறகடுப்பு ஒன்று வீட்டுக்கு வேண்டுமென்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அம்மா அடுக்கியதை, நான் படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன். நம் பெண்கள் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும்.

முதலாவது கனம். நம் பானையை வைத்து, துடுப்பைப் போட்டு, அழுத்திக் கிண்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விற்கிறவர் மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். இரண்டாவது வாய். நமக்குக் கிடைக்கிற விறகு எதுவோ அது நறுக்காமல் நுழைய வேண்டும். நுழைந்தது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தாங்கக் கீழே ஒரு தட்டு வேண்டும். மூன்றாவது காற்று. விறகு தரையில் கிடந்தால் புகையும், கம்பித் தட்டின்மேல் கிடந்து அடியில் காற்றுப் போனால் எரியும். பானைக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே விரல் அகல இடைவெளி போதும். அதிகமானால் சூடு வீண், அடைத்தால் புகை. நாலாவது பழுது. உடைந்தால் நம் ஊர்க் கொல்லரோ வெல்டிங்காரரோ சரிசெய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அஞ்சாவது, அடுப்பைவிடப் பெரிய விசயம், விறகின் ஈரம். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி வீணாகும், புகையும் கூடும். மழைக்காலத்துக்கு விறகை நனையாமல் வைக்க ஓர் இடம் இருந்தால் எந்த அடுப்பும் கொஞ்சம் நல்ல அடுப்பாகிவிடும். கடைசியாக ஒன்று. புகைபோக்கி இல்லாத அடுப்பு எதுவானாலும், என்ன பேர் வைத்து விற்றாலும், கதவைச் சாத்திய அறைக்குள் எரிக்கக் கூடாது. குளிருக்குக் கரித்தணலை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கரிவாயு தூக்கத்திலேயே கொல்லும்.

அம்மா தேர்ந்தெடுத்தது எந்தக் கம்பெனி அடுப்பும் அல்ல. நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலைசெய்கிற எங்கள் வளவுப் பையன் ஒருவனிடம் பழைய டெம்போ ரிம் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். மூன்று கால் வைத்து, ஒரு பக்கம் வாய் அறுத்து, உள்ளே கம்பித் தட்டு பற்றவைத்துக் கொடுத்தான். அம்மா புற்றுமண்ணும் உமியும் குழைத்து உள்பக்கம் கனமாகப் பூசினாள். அசையாது. மார் முழுசாக நுழைகிறது. முன்னைக்கு விறகு குறைவாகத்தான் ஆகிறது. வீட்டுக்கு வெளியே தகரச் சாய்ப்பு இறக்கி அங்கே வைத்திருக்கிறோம். புகை ஒழிந்துவிட்டதாக நான் பொய் சொல்லமாட்டேன். நின்றுகொண்டு ஒதுங்க இடம் இருக்கிறது, அவ்வளவுதான். போன நெஞ்சு திரும்பி வராது.

7

இதிலிருந்து நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. தலித் வீடுகளுக்கு ஒதுக்கும் திட்டம் எதுவானாலும் காற்றோட்டமுள்ள தனி அடுப்படி அதற்குள் அளவோடு எழுதப்பட வேண்டும். குழாய் கூரையைத் தாண்டியதா என்று சமைக்கிற பெண் கையெழுத்துப் போட்டபிறகே காண்டிராக்டருக்குப் பணம். கூலிக்காரப் பெண் முழு விலையைக் கையிலிருந்து கட்டாமல், மானியம் கழித்த விலைக்கே சிலிண்டர் கிடைக்க வேண்டும். வண்டி ஊர்த்தெருவோடு திரும்பாமல் வளவுக்குள் வர வேண்டும். புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் காய்ந்த விறகு எடுப்பது யாருடைய கருணையும் அல்ல, உரிமை என்று ஊராட்சித் தீர்மானமாக வேண்டும். பஞ்சமி நிலம் மீட்கப்பட வேண்டும். அடுப்புத் திட்டம் எது வந்தாலும் நாலுவகை அடுப்பை வளவில் கொண்டுவந்து வைத்து, ஒரு மாசம் சமைத்துப் பார்க்கவிட்டு, பெண்கள் கைகாட்டியதை மட்டும் வாங்க வேண்டும்.

நம் ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். நில மீட்பு மாநாட்டில் ராத்திரி பத்து மணிவரை பேசிவிட்டு வீட்டுக்குப் போய் சுடச்சுடச் சாப்பிடுகிறீர்கள். அந்தச் சூடு எந்த அடுப்பிலிருந்து வந்தது, விறகு யார் காட்டிலிருந்து வந்தது, அதற்கு யார் எத்தனை கட்டுத்தரை கூட்டினாள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு வாரம் நீங்கள் களி கிண்டிப் பாருங்கள். அப்புறம் அடுப்பைப் பற்றிய தீர்மானம் மாநாட்டில் முதல் தீர்மானமாகத் தானாக வரும்.

போன மாசம் அதே தொண்டு நிறுவனத்தார் எங்கள் வளவுக்கே வந்தார்கள். புது அடுப்பு, புது தள்ளுபடி. பெண்கள் கூடினார்கள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அம்மா வீட்டுக்குள் போய்ப் பானையையும் துடுப்பையும் எடுத்துவந்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"நீங்களே ஒருக்கா கிண்டிக் காட்டுங்க" என்றாள். 'சாமி' போடவில்லை.